‘மினிமம்’ கட்டியாச்சு என்று நிம்மதியா? உஷார்!

கிரெடிட் கார்டு கடனில் சிக்கியவர் என்றதும் போனை ஆஃப் செய்துவிட்டு ஒளிந்து திரிகிறவர்தான் நம் நினைவுக்கு வருகிறார். அவரை விடுங்கள், தன் நிலைமை அவருக்கே தெரியும். இந்தக் கட்டுரை இன்னொருவருக்காக. மாதாமாதம் கெடு தேதிக்குள் பணம் கட்டிவிடுகிறவர். வங்கியிலிருந்து ஒரு கடுமையான போன்கூட வந்ததில்லை. சிபில் ஸ்கோர் 750-க்கு மேல். ‘லிமிட்டை ஏற்றித் தரட்டுமா சார்’ என்று வங்கியே கூப்பிட்டுக் கேட்கிறது. கழுத்துவரை கடன் ஏறிய பிறகும் பிரச்னை இருப்பதே தெரியாமல் இருப்பவர் பெரும்பாலும் இவர்தான்.

புழக்கத்தில் இருக்கும் கிரெடிட் கார்டுகள் 2024-ல் நம் நாட்டில் பத்துக் கோடியைத் தாண்டின. ஒரு காலத்தில் பெரிய கம்பெனி அதிகாரிகளின் பர்ஸில் மட்டும் இருந்த அட்டை, இன்று இருபத்தைந்தாயிரம் சம்பளக்காரரிடமும் இரண்டு மூன்றாக இருக்கிறது. ரூபே கிரெடிட் கார்டை யுபிஐ-யில் இணைக்கும் வசதி 2022-ல் வந்த பிறகு, டீக்கடை க்யூஆரை ஸ்கேன் செய்து கடனில் டீ குடிக்கலாம் என்றாகிவிட்டது. அடமானம் எதுவும் இல்லாத இந்தக் கடன்கள் வளரும் வேகத்தைப் பார்த்து ரிசர்வ் வங்கியே கலங்கியது. வங்கிகளின் கார்டு கடனுக்கான ரிஸ்க் வெயிட்டை (கடனுக்கு ஈடாக வங்கி எவ்வளவு மூலதனம் ஒதுக்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் அளவு) 2023 நவம்பரில் 125 சதவிகிதத்திலிருந்து 150 ஆக உயர்த்தியது. வங்கிகளைப் பார்த்து ‘பார்த்துக் கொடுங்கள்’ என்று அது சொன்ன விதம் அது. வாங்குகிற நமக்கு அப்படிச் சொல்ல ஆள் இல்லை.

பில்லைத் திறந்து பாருங்கள். மேலேயே இரண்டு கட்டங்கள் இருக்கும். ஒன்றில் மொத்த நிலுவை, உதாரணத்துக்கு 60,000 ரூபாய். பக்கத்திலேயே ‘மினிமம் அமவுன்ட் டியூ’, 3,000 ரூபாய். இரண்டுக்கும் ஒரே கெடு தேதி. மாதக் கடைசியில் கையில் நாலாயிரம் இருப்பவர் கண்ணில் எது படும்? மூவாயிரத்தைக் கட்டுகிறார். ‘நன்றி, உங்கள் பணம் வந்து சேர்ந்தது’ என்று எஸ்எம்எஸ் வருகிறது. தாமதக் கட்டணம் இல்லை, சிபிலில் கறுப்புப் புள்ளி இல்லை, ஏஜென்ட் போன் இல்லை. கடனை அடைத்துவிட்ட நிம்மதி வந்துவிடுகிறது.

அந்த மூவாயிரத்தில் கடனுக்குப் போனது எவ்வளவு தெரியுமா? இங்கே கொஞ்சம் நிதானமாகக் கணக்குப் பார்க்க வேண்டும்.

நம் ஊரில் வட்டியை ஆண்டுக்கு இத்தனை சதவிகிதம் என்று யாரும் பேசுவதில்லை. ‘ஒரு ரூபா வட்டி’, ‘ரெண்டு ரூபா வட்டி’, ‘அஞ்சு வட்டி’ என்றுதான் பேச்சு. நூறு ரூபாய்க்கு மாதம் இத்தனை ரூபாய். அந்தக் கணக்கில் வங்கி நகைக்கடன் முக்கால் ரூபாயிலிருந்து எண்பது, தொண்ணூறு பைசா வரை. பர்சனல் லோன் ஒரு ரூபாயிலிருந்து ஒன்றரை ரூபாய். தெரிந்தவரிடம் கைமாற்றாக வாங்கினால் இரண்டு ரூபாய், அவசரம் என்றால் மூன்று. கார்டுக்கு? பல வங்கிகளில் மாதம் 3.5-லிருந்து 3.75 சதவிகிதம். அதாவது மூணேமுக்கால் ரூபாய் வட்டி. அதோடு முடியவில்லை. கார்டு வட்டிமேல் 18 சதவிகிதம் ஜிஎஸ்டியும் உண்டு. சேர்த்தால் 4.42 ரூபாய் ஆகிறது. ஏறக்குறைய நாலரை ரூபாய் வட்டி!

ஊரில் ஒருவர் நாலரை வட்டிக்குப் பணம் வாங்கியிருக்கிறார் என்று கேள்விப்பட்டால் ‘அடப்பாவி, என்ன கஷ்டமோ’ என்போம். அதே வட்டிக்கு ஷாப்பிங் மாலில் செல்போன் வாங்கினால் கேஷ்பேக் கிடைத்ததா என்று கேட்கிறோம்.

அறுபதாயிரம் பில்லுக்கு வருவோம். மூவாயிரம் கட்டியபின் பாக்கி 57,000. அதற்கு ஒரு மாத வட்டி 3.75 சதவிகிதத்தில் சுமார் 2,137 ரூபாய். ஜிஎஸ்டி 385. ஆக, 2,522 ரூபாய் புதிதாக ஏறிவிடுகிறது. அடுத்த பில் 59,522. நீங்கள் கட்டிய மூவாயிரத்தில் கடன் குறைந்தது 478 ரூபாய். இதுவும் அந்த மாதம் கார்டைத் தொடாமல் இருந்திருந்தால்தான்.

இதே ரீதியில், புதிதாக ஒரு பைசா செலவு செய்யாமல், மாதம் 5 சதவிகித மினிமம் மட்டும் கட்டிக்கொண்டு போனால் அறுபதாயிரம் முப்பதாயிரம் ஆவதற்கு ஏழு வருஷத்துக்கு மேல் பிடிக்கும். அதுவரை நீங்கள் கட்டியிருக்கும் பணம் சுமார் 1,88,000 ரூபாய். அப்போதும் முப்பதாயிரம் பாக்கி! எல்கேஜி-யில் சேர்த்த பிள்ளை ஐந்தாம் வகுப்பு முடித்திருக்கும். சில வங்கிகளின் மினிமம் கணக்கு வேறு மாதிரி. வட்டி, வரி எல்லாவற்றையும் முழுதாகக் கேட்டு, அசலில் சிறு பங்கை மட்டும் சேர்ப்பார்கள். தொகையில் வித்தியாசம் வருமே தவிர, வருஷக்கணக்கில் இழுக்கும் என்பதில் மாற்றம் இல்லை.

இதை யாரும் மறைக்கவில்லை என்பதுதான் வேதனை. மினிமம் மட்டும் கட்டிவந்தால் கடன் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் நீளும், வட்டிக்கு வட்டி ஏறும் என்ற எச்சரிக்கை பில்லில் இருந்தாக வேண்டும். 2022-ல் ரிசர்வ் வங்கி வெளியிட்ட கார்டு விதிகளில் அது கட்டாயம். எச்சரிக்கை இருக்கிறது. எந்த எழுத்தில், எந்த மூலையில் என்று உங்கள் பில்லையே எடுத்துப் பாருங்கள்.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. முழுத் தொகையையும் கட்டாத மாதத்தில் அந்த ‘45 நாள் வட்டி கிடையாது’ சலுகை காலி. பாக்கிக்கு, பொருள் வாங்கிய நாளிலிருந்தே வட்டி. பழைய பாக்கி இருக்கும்போது புதிதாக வாங்கும் பாலுக்கும் பெட்ரோலுக்கும்கூட முதல் நாளிலிருந்தே வட்டி ஓடும். ஏடிஎம்மில் கார்டைப் போட்டுப் பணம் எடுத்தாலோ, சலுகைக் காலம் என்ற பேச்சே இல்லை. அன்றே வட்டி, அதற்குமேல் தனிக் கட்டணம்.

‘நீதிமன்றம் இதைக் கேட்காதா?’ என்றால், கேட்டது. ஆண்டுக்கு 30 சதவிகிதத்துக்கு மேல் வட்டி வாங்குவது முறையற்ற வணிகம் என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-ல் தீர்ப்பளித்தது. வங்கிகள் உச்ச நீதிமன்றம் போயின. 2024 டிசம்பர் 20 அன்று அந்தத் தீர்ப்பு ரத்தானது. கந்துவட்டியைத் தடுக்க 2003-லேயே சட்டம் போட்ட மாநிலம் நம்முடையது. ஆனால், அந்தப் பாதுகாப்பை நம்பிக் கார்டைத் தேய்க்காதீர்கள். கார்டு வட்டிக்கு உச்சவரம்பு என்று ஓர் எண் இப்போது கிடையாது.

எப்போது அலாரம் அடிக்க வேண்டும்?

தொடர்ந்து இரண்டு மாதம் மினிமம் மட்டும் கட்டியிருந்தால், அதுவே போதும். மூன்றாவது மாதத்துக்குக் காத்திருக்காதீர்கள். ‘ஜூன்ல ஸ்கூல் ஃபீஸ், ஜூலைல ஆடித் தள்ளுபடி, அடுத்த மாசம் சரியாகிடும்’ என்று நாமே சொல்லிக்கொள்வோம். அடுத்த மாதம் ஒரு கல்யாணம் வரும், அதற்கடுத்து தீபாவளி வரும். போனஸ் வந்தால் அடைத்துவிடலாம் என்ற கணக்கும் நமக்குப் பழக்கம். போனஸ் வருகிற அதே வாரத்தில்தான் துணிக்கடை, பட்டாசு, ஸ்வீட் பாக்ஸ் எல்லாம் வருகின்றன.

சம்பளம் வந்த பத்தாம் நாள் மளிகைக்குக் கார்டை நீட்ட வேண்டியிருந்தால், வாங்குவது வசதிக்காக இல்லை, வேறு வழியில்லாமல். இந்த வித்தியாசத்தை வீட்டில் யாராவது ஒருவர் உரக்கச் சொல்ல வேண்டும். ஒரு கார்டில் எடுத்து இன்னொரு கார்டுக்குக் கட்டுவது அடுத்த கட்டம். பில் வந்த மெயிலைத் திறக்காமலே வைத்திருப்பது, தெரியாத நம்பர் என்றால் கையில் போன் நடுங்குவது, லிமிட்டை ஏற்றித் தந்ததும் சம்பளம் ஏறியதுபோல் சந்தோஷப்படுவது… இவையெல்லாம் அறிகுறிகளே.

இன்னொன்று உண்டு. மொத்தம் எத்தனை கார்டு, எவ்வளவு பாக்கி என்று மனைவிக்கோ கணவருக்கோ தெரியாது. என் அபிப்பிராயத்தில் மற்ற எல்லா அறிகுறியையும்விட மோசமானது இதுதான். வீட்டில் மறைத்த கடனை அடைக்க வெளியே இன்னொரு கடன்தான் வாங்க முடியும்.

ஈஎம்ஐ-யாக மாற்றிக்கொள்வதைத் தப்பு என்று சொல்லமாட்டேன். மூணேமுக்கால் வட்டியைவிட அது குறைவு. ஆனால், மாதா மாதம் ஒவ்வொரு பில்லையும் ஈஎம்ஐ-யாக மாற்றினால் ஆறாவது மாதம் ஆறு ஈஎம்ஐ ஓடும். ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் ஆயிரத்து ஐந்நூறு, இரண்டாயிரம். கூட்டிப் பார்க்கும்போதுதான் பாதிச் சம்பளம் போயிருக்கும். ‘நோ காஸ்ட்’ என்ற பெயரைக் கண்டு ஏமாறாதீர்கள். பூஜ்ய வட்டி என்று ஒன்று கிடையாது என்று ரிசர்வ் வங்கி 2013-லேயே சொல்லியாகிவிட்டது. எங்கோ ஓர் இடத்தில், தள்ளுபடியிலோ பிராசஸிங் கட்டணத்திலோ, வட்டி ஒளிந்திருக்கும்.

ரொட்டேஷன் என்னும் மாயவலை

இதைப் பற்றித்தான் அதிகம் கத்த வேண்டியிருக்கிறது. பஸ் ஸ்டாப் சுவரில், மின்கம்பத்தில், வாட்ஸ்அப் குழுக்களில் பார்த்திருப்பீர்கள்: ‘கிரெடிட் கார்டு பில் கட்டித் தரப்படும். ஸ்வைப் டு கேஷ். குறைந்த கமிஷன்.’ ஒரு மாடிப்படி ஏறினால் சின்ன அறை. ஒரு லேப்டாப், மூன்று நான்கு ஸ்வைப்பிங் மெஷின்கள், ரப்பர் பேண்ட் போட்ட கார்டுக் கட்டு.

“சார், பில் எவ்ளோ?”

“நாப்பத்தெட்டு.”

“டியூ டேட் நாளைக்கா? பிரச்னையில்ல, நான் இப்பவே கட்டிடறேன். லிமிட் வந்ததும் தேய்ச்சுக்கறேன். ரெண்டரை பர்சன்ட். கார்ட வச்சுட்டுப் போங்க, ஓடிபி மட்டும் சொன்னா போதும்.”

நாற்பத்தெட்டாயிரத்தை அவர் உங்கள் கார்டுக்குக் கட்டுவார். லிமிட் திரும்பக் கிடைத்ததும் அதே கார்டைத் தன் மெஷினில் தேய்த்துப் பணத்தை எடுத்துக்கொள்வார், கமிஷன் 1,200 ரூபாயோடு. உங்கள் கையில் ஒரு ரூபாய் வரவில்லை, கடனில் ஒரு ரூபாய் குறையவில்லை. ஒரு மாதம் தள்ளிப்போனதற்குத்தான் அந்த 1,200. அடுத்த மாதமும் இதே. வருஷத்துக்கு 14,400 ரூபாய் கட்டியபிறகும் நாற்பத்தெட்டாயிரம் அப்படியே நிற்கும்.

வங்கியின் கம்ப்யூட்டருக்கு என்ன தெரியும்? இவர் மாதம் 48,000 செலவழிக்கிறார், முழுசாகக் கட்டுகிறார், பிரமாதமான வாடிக்கையாளர் என்று தெரியும். லிமிட்டை ஏற்றும். இன்னொரு வங்கி அதைப் பார்த்துப் புதுக் கார்டு அனுப்பும். மூன்று கார்டு, நான்கு கார்டு என்று ரொட்டேஷன் பெருகும். ஒரு நாள் அந்த மாடிக் கடை பூட்டியிருக்கும். அல்லது அவர் மெஷினை முடக்கியிருப்பார்கள். அல்லது வங்கியே சந்தேகப்பட்டு உங்கள் கார்டை நிறுத்தியிருக்கும். இத்தனை வருஷம் தள்ளிவைத்த மொத்தத் தொகையும் ஒரே மாதத்தில் கட்ட வேண்டிய பில்லாக வந்து நிற்கும். நேற்றுவரை 780 இருந்தவர் ஒரே பில்லில் தவணை தவறியவர் ஆகிவிடுவார்.

வருமான வரித் துறையும் இதில் இருக்கிறது. ஒரு நிதியாண்டில் கார்டு பில்லுக்குப் பத்து லட்சம் ரூபாய்க்கு மேல் கட்டியிருந்தால் (ரொக்கமாக என்றால் ஒரு லட்சமே போதும்) வங்கி அதைத் துறைக்குத் தெரிவித்தாக வேண்டும். மாதம் 85,000 ரொட்டேஷனில் ஓடினால் வருஷத்துக்குப் பத்து லட்சத்து இருபதாயிரம். நாலு லட்சம் சம்பளம் வாங்குகிறவர் பத்து லட்சம் எப்படிச் செலவழித்தார் என்று நோட்டீஸ் வந்தால் மாடிக்கடைக்காரர் வந்து பதில் சொல்லமாட்டார். கார்டையும் ஓடிபியையும் ஒரு அந்நியர் கையில் கொடுத்துவிட்டு வருகிறோமே, அதனால் வரக்கூடிய மோசடியைப் பற்றி நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

வெளியே வர…

முதல் வேலை, புதிதாகத் தேய்ப்பதை நிறுத்துவது. மன உறுதியை நம்பாதீர்கள். வங்கி ஆப்பிலேயே ஆன்லைன், டேப் செய்து கட்டுவது, வெளிநாட்டுப் பரிவர்த்தனை எல்லாவற்றையும் தனித்தனியாக அணைக்கும் வசதி உண்டு. இப்போதே அணையுங்கள். உணவு ஆப், டாக்ஸி ஆப், ஷாப்பிங் தளங்களில் சேமித்து வைத்த கார்டை நீக்குங்கள். யுபிஐ-யில் கிரெடிட் கார்டை இணைத்திருந்தால் அதையும்.

பிறகு ஒரு நோட்டை எடுத்து எல்லாக் கடனையும் எழுதுங்கள். எந்தக் கார்டு, எவ்வளவு பாக்கி, எத்தனை ரூபாய் வட்டி, கெடு எந்தத் தேதி. கைமாற்று, சீட்டுத் தவணை, நகைக்கடன், ஆப் கடன் என எதையும் விடாமல். இதை வீட்டில் இருப்பவரை உட்காரவைத்து எழுதுங்கள். அன்று வீட்டில் சண்டை வரும், வரட்டும். வட்டி அதிகமான கார்டுக்குக் கையில் மிஞ்சும் பணம் முழுவதும் போக வேண்டும். மற்றவற்றுக்கு அது தீரும்வரை மினிமம். சின்னக் கடனை முதலில் அடைத்தால் மனசுக்குத் தெம்பு என்பவர்களும் உண்டு. நாலரை வட்டி ஓடும்போது நான் மனசைவிடக் கணக்கைத்தான் பார்ப்பேன்.

அடுத்ததாக, வட்டியை மாற்றுங்கள். இங்கேதான் நம் வீடுகளில் ஒரு விசித்திரம். பீரோவில் நகை இருக்கும். அடகு வைத்தால் கௌரவக் குறைச்சல் என்று அதைத் தொடமாட்டார்கள். பக்கத்திலேயே கார்டில் ஒரு லட்சம் பாக்கி, மாதம் 4,400 ரூபாய் வட்டியும் வரியுமாகப் போய்க்கொண்டிருக்கும். அதே ஒரு லட்சத்தை வங்கி நகைக்கடனாக வாங்கிக் கார்டை அடைத்தால் மாத வட்டி எண்ணூறு ரூபாய் சொச்சம். மிச்சமாகும் மூவாயிரத்து ஐந்நூறையும் அசலுக்குக் கட்டலாம். ஃபிக்சட் டெபாசிட் வைத்திருப்பவர்கள் இதைவிட வேடிக்கை. ஏழு சதவிகிதத்துக்கு வங்கியில் போட்டுவிட்டு, 45 சதவிகிதத்துக்கு அதே வங்கியிடம் கடன்பட்டிருப்பார்கள். டெபாசிட்டை உடைக்க மனமில்லை என்றால் அதன்மேல் கடன் வாங்கலாம். டெபாசிட் வட்டியைவிட ஒன்றிரண்டு சதவிகிதம்தான் கூடுதல். எல்ஐசி பாலிசிமேல் கடன், ஒழுங்கான வருமானம் இருந்தால் பர்சனல் லோன், எதுவானாலும் கார்டைவிட மலிவு.

ஒரு பெரிய ‘ஆனால்’ இதில் இருக்கிறது. நகையை வைத்துக் கார்டை அடைத்ததும் லிமிட் முழுசாகத் திறந்துகொள்ளும். ஆறு மாதத்தில் கார்டும் நிறைந்து, நகையும் அடகில் கிடக்கும் வீடுகளை நாம் பார்க்காமலா இருக்கிறோம்? தவணை தவறினால் நகை ஏலத்துக்குப் போகும். அதனால் பாக்கியை அடைக்கிற அன்றே லிமிட்டைக் குறைக்கச் சொல்லி வங்கிக்கு எழுதுங்கள். இல்லாவிட்டால் நகையைத் தொடவே தொடாதீர்கள்.

மாற்று வழி எதுவுமே இல்லாதவர்கள், தவணை தவறுவதற்கு முன்பே வங்கியைக் கூப்பிடுங்கள். மொத்தப் பாக்கியையும் நீண்டகால ஈஎம்ஐ-யாகப் பிரித்துத் தர வங்கிகளில் வழி உண்டு. வேலை போனது, ஆபரேஷன் செலவு என்று காரணத்தை எழுத்தில் கொடுங்கள். மெயில் அனுப்பிப் பதிலைப் பத்திரப்படுத்துங்கள். போனில் ‘பார்த்துக்கறோம் சார்’ என்று சொன்னதற்கு நாளைக்கு மதிப்பு இருக்காது. கெடு தேதியை மறந்து ஒன்றிரண்டு நாள் தவறினால் பதற வேண்டாம். கெடுவுக்குப் பிறகு மூன்று நாள் தாண்டினால்தான் தாமதக் கட்டணம் போடவும், சிபிலுக்குத் தெரிவிக்கவும் விதி அனுமதிக்கிறது.

சம்பளக் கணக்கும் கார்டும் ஒரே வங்கியில் இருக்கிறதா? பாக்கிக்காகச் சேமிப்புக் கணக்கில் கைவைக்கும் உரிமையைக் கார்டு ஒப்பந்தத்திலேயே வங்கி எழுதி வாங்கியிருக்கும். வாடகைப் பணமும் அரிசிப் பணமும் அதே கணக்கில்தான் கிடக்கிறது என்றால், அதையும் மனதில் வைத்துப் பேசப் போங்கள்.

‘ஐந்து நிமிடத்தில் லோன்’ ஆப்புகள் பக்கம் மட்டும் போகாதீர்கள். கான்டாக்ட் லிஸ்ட்டையும் போட்டோக்களையும் சுரண்டி எடுத்து, மார்ஃபிங் செய்து உறவினர்களுக்கு அனுப்பி மிரட்டும் கும்பல்கள் அங்கேதான் இருக்கின்றன. மாட்டியிருந்தால் மேலும் பணம் கட்டிச் சமாளிக்கப் பார்க்காமல் 1930-க்கு அழைத்துப் புகார் செய்யுங்கள்.

வசூல் ஏஜென்ட் வாசலில் நின்றால்

காலை 8 மணிக்கு முன்னும் மாலை 7 மணிக்குப் பின்னும் அவர் உங்களைக் கூப்பிடக் கூடாது. அக்கம்பக்கத்தில் சொல்லி மானத்தை வாங்கக் கூடாது. உறவினர்களை, அலுவலக நண்பர்களைத் தொந்தரவு செய்யக் கூடாது. 2022 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. வருகிறவரிடம் அடையாள அட்டையும் வங்கியின் அனுமதிக் கடிதமும் கேளுங்கள். அழைப்புகளைப் பதிவு செய்யுங்கள். ஏஜென்ட் கையில் ரொக்கமாகவோ அவருடைய சொந்த யுபிஐ-க்கோ ஒருபோதும் பணம் தராதீர்கள். கார்டு எண்ணுக்கு நேரடியாகக் கட்டுங்கள். அத்துமீறினால் முதலில் வங்கிக்கு எழுத்துப்பூர்வப் புகார். 30 நாளில் சரியான பதில் இல்லை என்றால் ரிசர்வ் வங்கி ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம், கட்டணம் கிடையாது. விவரம் கேட்க 14448.

‘எஃப்ஐஆர் ரெடி, போலீஸ் கிளம்பிடுச்சு’ என்று வாட்ஸ்அப்பில் முத்திரையெல்லாம் போட்டு ஒரு காகிதம் வரும். கார்டு பாக்கியைக் கட்ட முடியாமல் போவது சிவில் விவகாரம். அதற்காக மட்டும் கைது கிடையாது. காசோலை கொடுத்து அது திரும்பினாலோ, ஆட்டோ டெபிட் பணமில்லாமல் திரும்பினாலோ கதை வேறு. இரண்டுக்கும் தனிச் சட்டப் பிரிவு இருக்கிறது, இரண்டு ஆண்டுவரை சிறைக்கு இடம் உண்டு. எனவே, மிரட்டலுக்குப் பயந்து தேதியில்லாத செக்கில் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பதுதான் பெரிய முட்டாள்தனம். கார்டில் கையெழுத்துப் போடாத அப்பாவோ மச்சானோ இந்தக் கடனுக்குப் பொறுப்பில்லை என்பதையும் வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவையுங்கள்.

லோக் அதாலத் நோட்டீஸ் வந்தால் ஒளியாதீர்கள். அது சமரசம் பேச அழைப்பு. அங்கே போய் உங்களால் கட்ட முடிகிற தொகையைச் சொல்லலாம். சம்மதம் இல்லாமல் எதிலும் கையெழுத்துப் போட வேண்டியதில்லை, போட்டுவிட்டால் மேல்முறையீடு இல்லை. வழக்கறிஞர் வைக்க வசதியில்லாதவர்கள் இலவசச் சட்ட உதவிக்கு 15100-ஐ அழைக்கலாம்.

அவமானம் தாங்காமல் விபரீத எண்ணம் தலைதூக்குகிறதா? வீட்டில் யாருக்காவது அப்படி இருக்கும் என்று சந்தேகமா? 14416-க்கோ 104-க்கோ இப்போதே பேசுங்கள். இந்தப் பக்கத்தில் சொன்ன மற்ற எல்லாம் அதற்குப் பிறகுதான். அடமானம் இல்லாத கடன் இது. பேசிக் குறைக்கலாம், பிரித்துக் கட்டலாம், வங்கியே கழித்தும் விடலாம்.

கழித்துவிடுவது என்றதும் ‘செட்டில்மென்ட்’ ஞாபகத்துக்கு வரும். ஒன்றரை லட்சத்துக்கு அறுபதாயிரம் கொடு, முடித்துக்கொள்ளலாம் என்பார்கள். கையில் வேறு வழியே இல்லாதவருக்கு அது சரிதான். ஆனால், சிபில் அறிக்கையில் ‘குளோஸ்டு’ என்று வராது, ‘செட்டில்டு’ என்று வரும். வருஷங்கள் கழித்து வீட்டுக்கடன் கேட்டுப் போகும்போது மேனேஜர் கண்ணில் முதலில் படுவது அந்தச் சொல்தான். ‘நாங்கள் செட்டில் செய்து தருகிறோம், சிபிலைச் சரிசெய்து தருகிறோம்’ என்று முன்பணம் கேட்கும் கம்பெனிகளுக்குப் பணம் கொடுக்காதீர்கள். வங்கியோடு நீங்களே பேசலாம். சரியாகப் பதிவான ஒன்றைச் சிபிலிலிருந்து யாராலும் அழிக்க முடியாது.

தொகை, தேதி எல்லாம் குறிப்பிட்டு வங்கியின் கடிதம் கைக்கு வந்தபிறகே செட்டில்மென்ட் பணத்தைக் கட்டுங்கள். கட்டியதும் ‘நோ டியூ’ சான்று வாங்குங்கள். முழுசாக அடைத்தவர்கள் கார்டை மூட எழுதிக் கொடுத்தால் ஏழு வேலை நாளில் மூடியாக வேண்டும், தாமதித்தால் நாளொன்றுக்கு 500 ரூபாய் வங்கி உங்களுக்குத் தர வேண்டும். ஒன்றிரண்டு மாதம் கழித்து சிபில் அறிக்கையை எடுத்துப் பாருங்கள், வருஷத்துக்கு ஒருமுறை இலவசம். அடைத்த கடன் இன்னும் பாக்கி என்றே காட்டினால் உடனே புகார் கொடுங்கள். 30 நாளில் திருத்தாவிட்டால் அதற்கும் நாளுக்கு 100 ரூபாய் நஷ்ட ஈடு உண்டு, கேட்டு வாங்குங்கள்.